கேப்டனுக்குத் தங்கச்சி கிடையாது

இன்று காலை பஸ்சை விட்டுவிட்டு, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போனேன்.

நம் ரசிகர் குழுவில் நாமெல்லாம் வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழும் அதே விண்கப்பல் தொடரின் கதைதான் ஜீப்புக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்பில் வரும் பலருக்கு வீட்டில் அதைப் பார்க்க வசதி கிடையாது. போடியிலிருந்து ஏறும் செல்வியக்கா இரவில் பார்த்துவிட்டு வந்து, காலையில் மலை ஏறும்வரை மற்ற பெண்களுக்குச் சொல்வாராம்.

"கேப்டனோட தங்கச்சி ஒடஞ்ச கப்பல்ல தனியா மாட்டிக்கிட்டா. உள்ள காத்து தீரப்போகுது. கதவைத் தட்டுறா, தட்டுறா, ஒருத்தருக்கும் கேக்கல..."

ஜீப்பில் எல்லோரும் அக்கா பக்கமாகச் சாய்ந்துவிட்டார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? "அக்கா, கேப்டனுக்குத் தங்கச்சியே கிடையாது. ஒத்தப் பிள்ளைன்னு முதல் சீசன்லயே சொல்லிட்டாங்க."

அக்கா கோபப்படவில்லை. "அப்படியா? அப்ப நீங்களே சொல்லுங்க தம்பி."

சொன்னேன். எந்த சீசன், எந்தக் கிரகம், எல்லாம் சுத்தமாக, ஒரு பிசகு இல்லாமல் சொன்னேன். அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் பள்ளத்தை வேடிக்கை பார்த்தார்கள்.

இறங்கும்போது மெதுவாகக் கேட்டேன். "அந்தத் தங்கச்சி பிழைச்சாளா அக்கா?"

"அவதான் இல்லவே இல்லைன்னுட்டீங்களே! வெரசா எறங்குங்க தம்பி, சோலி கெடக்கு."

முன்கதையோடு ஒட்டாதது கதையே இல்லை என்று நேற்றுவரை நம் குழுவில் கத்தியவன் நான்தான். அந்தக் கதவை யாராவது திறந்துவிட்டிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.