காலர் மெஷினுக்குள் வந்த தாய்மாமன் சீர்

கப்பலைப் பற்றிப் பேச வந்த மனிதர் முதலில் எங்கள் ஷெட்டின் வாசலைத்தான் அளந்தார். திருப்பூர் மங்கலம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் எங்கள் பனியன் கம்பெனி இருக்கிறது. போர்டில்தான் கம்பெனி, உள்ளே ஒரு நீள ஷெட், நாற்பது ஆட்கள், அவ்வளவுதான். வெளிநாட்டுச் சரக்கு கொண்டுவருகிற கார்கோ கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார் என்றதும் டை கட்டிய ஒருவரை எதிர்பார்த்து நான் நல்ல டம்ளரை எல்லாம் எடுத்துக் கழுவி வைத்திருந்தேன். வந்தவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு ரெக்சின் பை. வணக்கம் சொன்ன கையோடு பையிலிருந்து டேப்பை எடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். வாசலின் அகலம், உயரம், சந்து திரும்பும் இடம் எல்லாவற்றையும் அளந்தார். மேலே தொங்கிய கரண்ட் கம்பியை மட்டும் கண்ணாலேயே அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். "கப்பலு எப்படியும் வந்துரும் மேடம். சாமான் மாட்டுததெல்லாம் இந்த மாதிரி முக்குலதான்" என்றார். காபியை அதற்குப் பிறகுதான் குடித்தார்.

அந்த மெஷின் எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலர் வைத்த டீ-சர்ட்டுக்கு உடம்புத் துணி ஒரு மெஷினில் ஓடும், காலர் வேறு மெஷினில் ஓடும். காலருக்கு நாங்கள் வெளியாட்களை நம்பியிருந்தோம். அவர்கள் இன்று நாளை என்று இழுத்தடிக்க, எங்கள் தையல் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது பள்ளிக் குழந்தைகளின் சட்டைக்காக ஒரு வெளிநாட்டு பையர் எங்களைத் தேடி வந்தார். சொந்தமாகக் காலர் மெஷின் இருந்தால் ஆர்டர், மூன்று மாதம் கழித்து நேரில் வந்து பார்ப்பேன், இல்லையென்றால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஜெர்மனியில் வேலையிலிருந்த என் தம்பி, அங்கே மூடப்போகிற ஒரு ஃபாக்டரியில் நல்ல நிலையிலிருந்த பழைய மெஷின் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். அதை இங்கே கொண்டுவருவதற்குள் தலைசுற்றிப் போனது. கப்பலுக்கு ஒருவர், கஸ்டம்ஸுக்கு ஒருவர், லாரிக்கு ஒருவர் என்று அலைந்தோம். எதைக் கேட்டாலும் "அது நம்ம வேலை இல்லீங்க" என்பார்கள். இந்தக் கம்பெனி மட்டும்தான் அங்கே எடுப்பது, பெட்டி அடிப்பது, கப்பலேற்றுவது, துறைமுகத்தில் விடுவிப்பது, ஷெட்டுக்குள் இறக்கி நிறுத்துவது என்று முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனியின் முகமாக எங்களுக்குத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். கார்கோ சார் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வேலைக்காகத் திருப்பூர் வந்து ராயபுரத்தில் குடும்பத்தோடு குடியிருந்தார். வாரத்தில் பாதி நாள் தூத்துக்குடித் துறைமுகத்தில் இருப்பார், மீதி நாள் எங்களைப் போன்றவர்களின் ஷெட்டுகளில். எங்கள் ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அவர் பேச்சில் ஒரு 'ங்க' கூட ஒட்டவில்லை. அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், "உங்க ஊருத் தண்ணிய குடிச்சாச்சு, பேச்சையும் குடிக்கணுமாக்கும்" என்று சிரிப்பார். மற்றபடி சாது. ஆனால் காகிதம் என்று வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை எழுதும் முன் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிடுவார். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு, பதில் மனசுக்குத் திருப்தியானால்தான் மூடியைத் திறப்பார். "இருவத்திரெண்டு வருசமா நான் எழுதுன பேப்பரும் பெட்டியும் வேற வேறயா இருந்ததில்ல மேடம்" என்று அடிக்கடி சொல்வார். அது வெறும் பெருமையில்லை. அவர் கையெழுத்தைப் பார்த்தால் அதிகாரிகள் அதிகம் துருவ மாட்டார்கள் என்று மற்ற கம்பெனிக்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் என் மகளின் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும், சீர்த்தட்டும் அவன்தான் கொண்டுவர வேண்டும். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாள் அந்த ஃபாக்டரியிலிருந்தே போன் செய்தான். "அக்கா, மெஷினுக்கு அடியில நூல் கோன் வெக்கற அறை ஒண்ணு சும்மா கெடக்குது. பெட்டி அடிக்கற ஆளுங்க நாளைக்குத்தான் வர்றாங்க. சீருச் சாமானத்த அதுக்குள்ள வெச்சு உட்டறட்டா?" எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அவ்வளவு பெரிய மெஷின் கடல் தாண்டி வெறுமனே வருவது எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "வெச்சு உடு கண்ணு" என்றேன். கவுன், பொம்மை, வளையல், சாக்லேட் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். சீர்த்தட்டில் பழமில்லாமல் எப்படி என்று, குடியிருந்த வீட்டுத் தோட்டத்து ஆப்பிளில் ஒரு டஜனைப் பேப்பரில் சுற்றி வைத்ததை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் கார்கோ சார் வந்தார். பேனாவை மூடி வைத்தார். "மெஷினு தவுத்து வேற என்ன இருக்கு மேடம்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க சார்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். ஸ்பானர், ஊசி, பழைய துணி எதுவானாலும் பரவாயில்லை, சொன்னால் எழுதிவிடலாம், எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை என்றார். "மெஷின் மட்டுந்தானுங்க" என்றேன். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் அப்போது எனக்குத் துளியும் இல்லை. சீர் என்பது எங்கள் வீட்டு விஷயம், அதைப் போய்ச் சரக்கு என்று யாராவது எழுதுவார்களா என்றுதான் நினைத்தேன். அவர் மூடியைத் திறந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கப்பல் ஆடி அசைந்து வந்து சேர ஐந்து வாரம் ஆனது. சீர் வந்து சேரட்டும் என்று காதுகுத்துத் தேதியைத் தள்ளி வைத்தோம். தினமும் கார்கோ சார் போன் செய்து, கப்பல் இப்போது எந்தக் கடலில் இருக்கிறது என்று உறவுக்காரரின் பிரயாணத்தைச் சொல்வது போலச் சொல்வார். பழைய மெஷின் என்றால் துறைமுகத்தில் ஒரு இன்ஜினியர் பிரித்துப் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும் என்பது விதி. அந்த நாளும் வந்தது. பகல் பதினோரு மணிக்கு அவர் போன் வந்தது. குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "மேடம், மெஷினுக்குள்ள ஆப்பிளு இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனைன்னு இப்ப எண்ண முடியாது" என்றார். ஐந்து வாரம் பெட்டிக்குள் கிடந்த பழங்கள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் நான். என் தம்பி ஆப்பிளை இரும்புக்குள் மறைத்துவிட்டான்.

வெளிநாட்டுப் பழத்தோடு பூச்சியும் வரும் என்பதால் அதற்குத் தனி அனுமதி வேண்டுமாம். அதுவே ஒரு குற்றம். பட்டியலில் எழுதாத சாமான்கள் இருந்தது இன்னொரு குற்றம். மெஷினை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நான் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பையர் வர ஏழு நாள்தான் இருந்தது. நான் பஸ் ஏறும்போது என் வீட்டுக்காரர், "பேப்பர் எழுதுனது அவுங்க. எழுதறதுல உட்டுப்போச்சுன்னு சொல்லிப்போடு அம்மிணி. பெரிய கம்பெனி, சமாளிச்சுக்குவாங்க. நமக்கு மெஷின் வந்தாப் போதும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பேருக்கு வேலை வேண்டும் என்ற கவலையில் பேசியது அது. வழியெல்லாம் நானும் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். 'எழுதுகையில் விட்டுவிட்டார்.' இரண்டே சொல்தான், சுலபமாக வாயில் வந்தது.

அலுவலக வாசலில் கார்கோ சார் நின்றிருந்தார். ஏன் மறைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். "நான் காலைலயே எழுதிக் குடுத்துட்டேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, கூடக்கொறச்சுப் பேசாதிய" என்றார். என்ன எழுதியிருப்பார் என்பது எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தது. இரண்டு முறை கேட்டேன், இந்த அம்மாள் மறைத்துவிட்டாள் என்றுதான் எழுதியிருப்பார். எழுத அவருக்கு முழு நியாயமும் இருந்தது.

அதிகாரி அமைதியான மனிதர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, சாமான் உள்ளே இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அடுத்து, "உங்க ஏஜெண்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். கார்கோ சார் என் பக்கத்து நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது சுலபமாக வந்த அந்த இரண்டு சொல் அப்போது வரவில்லை. மேஜையில் பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார். "அவருக்குத் தெரியாதுங்க. ரெண்டு தடவ கேட்டாருங்க. நாந்தானுங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்" என்றேன். அதிகாரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து, "இவரு வேற மாதிரி எழுதியிருக்காரேம்மா" என்று சொல்லிப் படித்தார். சரக்கின் சொந்தக்காரர்கள் சாமான்களைப் பற்றி என்னிடம் முன்பே தெரிவித்தார்கள், பட்டியலில் சேர்க்க நான் மறந்துவிட்டேன், தவறு முழுவதும் என்னுடையது என்று அதில் இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

நான் திரும்பிப் பார்த்தேன். கார்கோ சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டுல எதுங்க நெஜம்?" என்று அதிகாரி கேட்டார். கார்கோ சார் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவ்வோ சொல்லுததுதான் சார்" என்றார், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் குரலில். அதிகாரி அந்தத் தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்து, இது எனக்கு வரவில்லை என்றார். என்னிடம் தனியாக எழுதி வாங்கிக்கொண்டார். எனக்கு அபராதம் போட்டார்கள், கட்டினேன். பழங்களை எரித்தார்கள்.

பையர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் மெஷின் சந்துக்குள் நுழைந்தது. கரண்ட் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. கார்கோ சார் லாரிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி அழைத்துவந்தார். ஆர்டர் கிடைத்தது. காதுகுத்தும் நடந்தது. தம்பி வாங்கிய கவுனைப் பத்து முறை துவைத்தும் அழுகிய ஆப்பிள் வாடை போகவில்லை. அப்படியே போட்டுவிட்டோம். வந்த சொந்தமெல்லாம் குழந்தையை முத்தம் கொடுக்கத் தூக்கிவிட்டு மூக்கைச் சுருக்கினார்கள்.

இப்போது எங்களிடம் ஐந்து காலர் மெஷின்கள் ஓடுகின்றன. போன மாதம் ஒன்று தைவானிலிருந்து வந்தது. கப்பல் எங்கே இருக்கிறது என்று செல்போனில் ஒரு புள்ளி நகர்ந்து காட்டுகிறது. விவரங்களை நானே போனில் நிரப்பினேன். அதே கம்பெனிதான், பையன்களும் பெண்களும் சுறுசுறுப்பாக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி வேலை செய்கிறார்கள். கார்கோ சார் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பேரக்குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும்தான் இப்போதைய டெலிவரி என்று போனில் சிரிக்கிறார். அவர் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வந்த பிறகு நடந்தது.

வெளியே வந்ததும் அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். மடித்த தாள் சட்டைப் பையில் இருந்தது. டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "கூடக்கொறச்சுப் பேசாதியன்னு சொன்னேன்லா? இத்தன வருசத்துல எம் பேப்பரு தப்புன்னு ஒருத்தன் சொன்னதில்ல. நீங்க வந்து அஞ்சு நிமிசத்துல பொய்யாக்கிட்டியளே!" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அது பொய்தானுங்களே சார்" என்றேன்.

அவர் டம்ளரை வாங்கினார், குடிக்கவில்லை.

"பொய்யின்னு தெரியாமலா காலைல நாலு தாள எழுதி எழுதிக் கிழிச்சேன்" என்றார். "கையி வரவே மாட்டேன்னுட்டு மேடம்."

எனக்காகப் பொய் சொன்னவர்கள் வாழ்க்கையில் வேறு சிலரும் உண்டு. அதற்காக இவ்வளவு கஷ்டப்பட்டவர் அவர் ஒருவர்தான்.