ரிப் துணியில் விழுந்த அலை

எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் ஒரே பெரிய ஜன்னல் காலை வேளையில் எனக்குச் சொந்தமில்லை. அந்த வெளிச்சம் முழுக்க என் வீட்டுக்காரர் அருள்செல்வனுடைய கேமராவுக்கு. ஜன்னலோரம் ஒரு துண்டைக் காயப்போட்டால்கூட, “சித்ரா, நெழலு விழுகுது” என்று சத்தம் வரும். நல்லூரில் தையல் மெஷின் சத்தம் கேட்காத தெரு கிடையாது. ஆனால் துணியைப் படமெடுப்பதற்கென்றே சுவரில் வெள்ளை சார்ட் ஒட்டிய வீடு எங்களுடையதுதான் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நின்றவர் அவர். இடுப்பு வலி வந்து வேலையை விட்டுவிட்டார். ஆன்லைனில் துணி விற்கிற கம்பெனிகளுக்குப் படம் எடுத்துத் தரலாம் என்று யாரோ சொல்ல, செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினார். புதிதாகப் படமெடுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்குகிற ஆரம்ப நிலைக் கேமரா அது.

அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. இரண்டு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. கனம் கிடையாது, நாளெல்லாம் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு முழு கலெக்‌ஷனையும் எடுத்து முடித்துவிடலாம். பகல் வெளிச்சத்தில் மாம்பழ மஞ்சள் மாம்பழ மஞ்சளாகவே விழும். ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டால் அதன் சுயரூபம் தெரிந்துவிடும். டியூப்லைட்டில் எடுத்தால் படமெல்லாம் ராகி மாவு தூவினது போலப் புள்ளி புள்ளியாக வரும். ஃப்ளாஷ் போட்டால் வெள்ளை பனியனுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். இதையெல்லாம் நான் சொன்னால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவருடைய அம்மாவைக் குறை சொன்னால்கூட அவ்வளவு வராது.

கேமராவின் நெற்றியில் இருக்கும் பெயரையும் நம்பரையும் கறுப்பு டேப் ஒட்டி மறைத்து வைத்திருந்தார். கேட்டால், “கம்பெனிக்காரங்க பாத்தா மதிக்க மாட்டாங்க” என்பார். பெரிய கேமரா என்றே எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருந்தார்.

போன மாதம் காங்கேயம் ரோட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து ரிப் துணி வந்தது. கோடு கோடாக நெருக்கி ஓட்டியிருக்கும், இழுத்தால் நீளும், அந்தத் துணி. ஆர்டர் முழுவதையும் ஓட்டுவதற்கு முன், முதல் ரோலில் ஒரு துண்டு வெட்டிப் படமெடுத்து துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு அனுப்ப வேண்டும். இவர் எடுத்து அனுப்பினார். மறுநாளே அந்தக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் கலைமகள் போன் பண்ணினாள். துணியில் பட்டை விழுந்திருக்கிறது என்று பையர் ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டானாம்.

நூல் ஒரே சீராக ஓடாவிட்டால் துணியில் குறுக்கே கோடு விழும். அதைத்தான் பட்டை என்பார்கள். ஒரு வெளிச்சத்தில் தெரியும், இன்னொரு வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும். அதனால் கலைமகளால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“அண்ணா, நான் கையில வெச்சுப் பாத்தா ஒண்ணுமே தெரியலீங்க. பட்டை துணியில இருக்குதுங்களா, இல்ல படத்துலயா?”

நான் அடுப்படியில் இருந்தேன். அவர் சொன்னது காதில் விழுந்தது.

“என்ற கேமராவுல இல்லாதது எப்படி மேடம் விழுகும்? துணியில இருந்தாத்தானுங்க படத்துல வரும்.”

அவ்வளவுதான். அந்த ஒரு வாய்ச்சொல்லை வைத்து மேற்கொண்டு எல்லாம் நடந்தது. கலைமகள், நூலைத் துணியாகப் பின்னி ஓட்டிக் கொடுத்த நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் சாமியப்பனைப் பிடித்து உலுக்கினாள். சாமியப்பன் அந்த மெஷினை ஓட்டிய மூக்கையாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மூக்கையா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தப் படத்த நான் ஒருக்கா பாக்கலாமா? அந்த மெஷின்ல நாந்தான் நின்னேன். எங் கண்ணுக்கு ஒண்ணுமே தட்டுப்படல.”

இவர் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். துணி முழுக்க மேலும் கீழுமாக வளைவு வளைவாகப் பட்டைகள். மூக்கையா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். விரலால் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார்.

“பட்டையின்னா நேராத்தான ஓடும்? இது வளைஞ்சுல்ல ஓடுது” என்றார்.

நான் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. மூக்கையா காத்திருந்தார். கடைசியில் அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

“விரிக்கும்போது துணி இழுபட்டிருக்கும், அதான் வளைஞ்சு தெரியுது. ஆமாண்ணே, பட்டைதான். எங்கயோ கோட்டை விட்டுட்டேன்.”

காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மூக்கையா நிற்பார் என்று டீக்கடைப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு வந்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல” என்று ஒரே பதில். பிறகு ஒருநாள் கம்ப்யூட்டரைத் துடைக்கப் போனேன். திரையில் அதே துணித் துண்டின் படங்கள் வரிசையாக நின்றன. ஒரு படத்தில் அலை வலது பக்கம், இன்னொன்றில் இடது பக்கம். கிட்டத்தில் வைத்து எடுத்ததில் எதுவுமே இல்லை, துணி சுத்தமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் துணியில் குறை பார்க்கிற செக்கிங்கில் வேலை பார்த்தவள். துணியில் விழுந்த பட்டை இடம் மாறாது.

“ஏனுங்க, இது என்னங்க?” என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு கொசுவலைய ஒண்ணுமேல ஒண்ணு போட்டா அலையலையாத் தெரியுமில்ல, அந்த மாதிரிதான். துணியில நெருக்கமாக் கோடு. கேமராக்குள்ளயும் நெருக்கமாக் கட்டம் இருக்குது. ரெண்டும் மோதுனா இல்லாத அலை விழுகுது.”

“எப்போ தெரிஞ்சுது?”

“அவரு வந்துட்டுப் போன மறுநாள்தான் எடுத்துப் பாத்தேன்.” பிறகு அவராகவே சொன்னார். “ஆனா மொத நாளே அந்தச் சின்னத் திரையில அலை ஒருக்கா வந்துது, ஒருக்கா காணோம். சந்தேகமாத்தான் இருந்துது. படத்துல கோளாறுன்னு சொன்னா, அது என்ன கேமரான்னு கேப்பாங்களே சித்ரா.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “வளைஞ்சு ஓடுதேன்னு அந்த மனுசன் உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டாருங்க. அப்போ வாயத் தொறந்திருந்தா உங்க கேமரா என்ன தேஞ்சா போயிரும்?” என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, எனக்குத் தெரியக்கூடாது என்று சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை நான் இறக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கலைமகள் கம்பெனிக்குப் போனோம். அவள் மேஜைமேலேயே இவர் அந்தத் துணியை விரித்து, முன்னால் நகர்ந்தும் பின்னால் நகர்ந்தும் படமெடுத்துக் காட்டினார். பிறகு டேப்பைப் பிய்த்து, அது என்ன கேமரா என்பதையும் காட்டினார்.

“நான் கேட்டேனேங்கண்ணா. துணியிலயா படத்துலயான்னு வாய்விட்டுக் கேட்டேனே” என்றாள் கலைமகள். இனிமேல் தங்கள் கம்பெனிக்குப் படமெடுக்க வரவேண்டாம் என்றும் சொன்னாள். ஆனால் அங்கேயே பையருக்குத் துணியைக் கூரியரில் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, சாமியப்பனுக்குப் போன் போட்டாள். மூக்கையா எப்போது வேண்டுமானாலும் வேலைக்கு வரலாம் என்று அவர் சொன்னார்.

அந்த நல்ல சேதியோடு மூக்கையா வீட்டுக்குப் போனோம். அவர் கட்டிங் வேஸ்ட் குடோனில் மூட்டை தூக்கப் போயிருந்தார். அவருடைய மனைவி எங்களை உட்காரச் சொன்னாள். “வேற நிட்டிங்ல வான்னு கூப்புட்டாங்கக்கா. போக மாட்டேன்டாரு. கை கெட்டுப்போச்சு, இனி நூலத் தொட மாட்டேன்னு ஒரே பிடிவாதம்” என்றாள். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

மூக்கையா பஞ்சும் தூசியுமாக வந்தார். அவர் போட்டிருந்த கோடு போட்ட பனியனையே இவர் படமெடுத்துக் காட்டினார். நல்ல பனியனில் அலை ஓடியது. ஒரு எட்டுப் பின்னால் போய் எடுத்தார், அலை வேறு இடத்தில் ஓடியது. மூக்கையா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார், பனியனைக் கையால் தடவினார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“அப்ப நான் ஓட்டுன துணியில எதுவும் இல்ல?”

“இல்லீங்க. துணி சுத்தமா இருந்துது. எம்மேலதாங்க தப்பு.”

மூக்கையாவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூக்கையா அழவில்லை. நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

“அன்னைக்கு நான் ஒங்க வீட்டுக்கு வந்து, பட்டைதான்னு நானே ஒத்துக்கிட்டேனே. அப்ப ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?”

தெரியாது என்று இவர் சொல்லியிருக்கலாம். அது முழுப் பொய்யும் இல்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சந்தேகம் இருந்துதுங்க” என்றார் என் வீட்டுக்காரர். “இருந்தும் பேசாம நின்னுட்டேன்.”

மூக்கையா தலையை ஆட்டிக்கொண்டார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“நாளைக்கு நான் மெஷினுக்குப் போறேன்” என்றார். “நீங்க இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்கண்ணே.”

திரும்பும்போது எங்கள் தெரு முனை வந்ததும், “அவரு சொன்னது நாயந்தான்” என்றார் என் வீட்டுக்காரர்.