போட்டிக்காரர் கொண்டுவந்த பிட்டிங்

கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நானே பிரித்துக் கோத்த பந்தயக் கார் என்ஜின் அது. மறுநாள் போட்டியில் என் கணவர் ஓட்டுவதாக இருந்தது. ஆயில் குழாயை என்ஜினோடு இணைக்க நேரான பிட்டிங் வாங்கியிருந்தேன். மாட்டிப் பார்த்தால் குழாய் சைலன்சர் பைப்பில் உரசியது. அந்தச் சூட்டில் குழாய் பொத்துக்கொண்டால் ஆயில் கொட்டி வண்டியே தீப்பிடித்துவிடும். வளைந்த பிட்டிங்தான் வேண்டும். அது எந்தக் கடையிலும் இல்லை.

அதே போட்டியில் போன வருடம் ஜெயித்தவர் மீஞ்சூர்க்காரர். பழக்கமில்லாதவர். போட்டி நடத்துபவர்களிடம் எண் வாங்கி, தயங்கித் தயங்கி அவருக்குப் போன் செய்தேன்.

"இன்னா அளவுமா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் அவரே பைக்கில் வந்து இறங்கினார். விதவிதமான வளைவுகளில் பிட்டிங் கொண்டுவந்திருந்தார். இருவருமாக ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தோம். பாதி வளைந்த ஒன்று குழாயைச் சூட்டிலிருந்து நன்றாக விலக்கியது. திருகும் மரையும் ஒத்துப்போனது. என்ஜினை ஓடவிட்டோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"நாளைக்கு உங்ககூடத்தானண்ணா போட்டி. எப்படி குடுக்க மனசு வந்துச்சு?" என்று என் கணவர் கேட்டார்.

"வராத வண்டிய ஜெயிச்சேன்னு வூட்ல போய் சொல்லிக்க முடியுமா?" என்று சிரித்தார். எங்கள் வீட்டில், ஊர் ஏரியில் பிடித்த நண்டுக் குழம்போடு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

மறுநாள் கடைசிச் சுற்று வரை இரண்டு கார்களும் ஒட்டியே ஓடின. அவர் முதலில் வந்தார், நாங்கள் இரண்டாவது.

அதுவரை எதிராளியின் வண்டி நின்றால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருக்கும். அன்று இரண்டு பேருக்கும் சேர்த்துக் கை வலிக்கத் தட்டினேன். தோற்றுவிட்டு அவ்வளவு நிறைவாக நான் வீடு திரும்பியதே இல்லை.