ஆடித் தேதி போட்ட இணையதளம்

திருத்தணி மலையடிவாரத்தில் என் மனைவி கோமதி, பக்தர்களுக்கு நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறாள். அதற்கு இணையதளம் அமைத்தவன் நான். நாள், நட்சத்திரம் தவறாமல் குறித்துவைப்பது என் பழக்கம். அதனால் காலி அறைகளின் பட்டியலையும் ‘ஆடி 5, ஆடி 6’ என்று தமிழ்த் தேதியிலேயே போட்டிருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரமே இருந்தது. பக்கத்தைப் பலர் பார்த்திருந்தும் ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை. வருடத்தில் எல்லா அறைகளும் நிரம்புவது அப்போதுதான். கோமதி தலையணை உறைகளை மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆந்திரப் பக்கம் புத்தூரிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“சனிக்கிழமை ரூம் இருக்குதாங்க? உங்க லிஸ்ட்டைப் பாக்கணும்னா பஞ்சாங்கத்தை வச்சிகினு உக்காரணும் போல! எனக்காவது தமிழ் படிக்க வரும், எங்க வீட்ல மத்தவங்களுக்குத் தெலுங்குதான்.”

கோமதி சிரித்துவிட்டாள். “ஆங், இருக்குதுங்க, வாங்க. எங்க வீட்டுக்காரர் சாமிக்கே நாள் குறிச்சுக் குடுப்பாரு. ரூம் கேக்கறவங்களத்தான் மறந்துட்டாரு.”

அன்றே ஆங்கிலத் தேதியும் கிழமையும் தமிழிலும் தெலுங்கிலும் ஏறின. அடியில் கிடந்த போன் எண்ணை மேலே கொண்டுவந்தேன். கிருத்திகைக்கு முந்தைய நாள் நான்காவது அறையும் நிரம்பியது.

இப்போது எதை மாற்றினாலும், முதலில் கோமதியிடம் போனைக் கொடுத்து ஓர் அறை பதிவு செய்யச் சொல்கிறேன். அவள் தடுமாறும் இடத்தைத் திருத்துகிறேன். சென்ற முறை தடுமாறாமல் முடித்துவிட்டு, “ரெண்டாம் நம்பர் ரூம் எனக்கு. சனிக்கிழமை காபி நீங்கதான் எடுத்துகினு வரணும்” என்றாள்.