டிராக்டர் வரிசையும் இருபது நாள் கோடும்

தர்மபுரி – கிருஷ்ணகிரி தடத்தில் நான் நடத்துநராகப் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். காலையில் இரண்டு நடை, மதியத்துக்கு மேல் இரண்டு நடை. எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார், எங்கே இறங்குவார் என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். இந்தச் சாலையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணமும் அப்போது இருந்தது.

பங்குச் சந்தை எங்கள் வீட்டுக்குள் என் மனைவி வழியாக வந்தது. தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. சாதிச் சான்றிதழ், பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று வருகிறவர்களுக்குக் கணினியில் நிரப்பிக் கொடுப்பாள். கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பங்கு விலைகளின் வரைபடத்தைப் படிப்பது எப்படி என்று ஒருவர் தமிழில் பேசும் வீடியோக்களைக் கேட்டிருக்கிறாள். மூன்று மாதம் எனக்குச் சொல்லவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுடைய கட்டம் போட்ட கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இத ஒரு நிமிசம் பாருங்க. இது ஒரு பங்கோட கடைசி இருபது நாள் வெலை. எல்லாத்தையும் கூட்டி இருபதால வகுத்தா ஒரு சராசரி வருதில்ல? நாளைக்குப் புது வெலை ஒண்ணு சேரும், பழசு ஒண்ணு போயிரும். தெனம் இப்படிப் புள்ளி வெச்சிட்டே போனா இது ஒரு கோடு. இதே மாதிரி அம்பது நாளைக்கும் ஒரு கோடு."

"சரி, அதுக்கு என்னா இப்ப?"

"இருபது நாள் கோடு கீழருந்து வந்து அம்பது நாள் கோட்ட மேல தாண்டுச்சின்னா, வாங்கறதுக்கு சிக்னல். மேலருந்து வந்து கீழ வெட்டுச்சின்னா, விக்கறதுக்கு சிக்னல். அவ்ளோதான்."

நான் சிரித்தேன். இவ்வளவு சுலபம் என்றால் ஊரில் ஏன் எல்லோரும் பேருந்தில் போகிறார்கள் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. இது பாதி நேரம் தப்பாகத்தான் போகும் என்றாள். தப்பு என்று தெரிந்த உடனே வெளியே வந்துவிட்டால் இழப்பு சின்னதாக இருக்கும், சரியாகப் போவதைக் கோடு வெட்டும் வரை விட்டுவைத்தால் லாபம் பெரியதாக இருக்கும், அதற்குத்தான் இந்தக் கோடுகள் என்றாள். ஒரு வியாபாரத்தை, பாதி தப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி யாரும் என்னிடம் பேசியதில்லை. அதனாலேயே எனக்கு அவள் பேச்சில் ஒரு நம்பிக்கை வந்தது.

மாடியில் மகளுக்கு ஓர் அறை கட்டுவதற்காகக் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தோம். அதில் ஒரு பகுதியை எடுத்து, பங்கு வாங்க ஆளுக்கு ஒரு கணக்குத் தொடங்கினோம். அவள் விதிகளை ஒரு தாளில் எழுதி பீரோவின் உட்கதவில் ஒட்டினாள். சிக்னல் இல்லாமல் வாங்கக்கூடாது. விற்கும் சிக்னல் வந்தால் மறுநாள் காலையிலேயே விற்றுவிட வேண்டும். யாருக்காகவும், எதற்காகவும் காத்திருக்கக்கூடாது.

முதல் வருடம் எப்படிப் போனது என்று கேட்டால், பெரும்பாலும் காத்திருப்பதில் போனது என்றுதான் சொல்வேன். சிக்னல் வராத நாட்களே அதிகம். சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்ததும் காபி போட்டுக்கொண்டே கைபேசியில் ஒவ்வொரு பங்கின் படமாகத் தள்ளுவாள். "ஒண்ணும் இல்லீங்க" என்பாள். சில வாங்கினோம். சில நஷ்டத்தில் விற்றோம். இரண்டு மட்டும் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போய், மற்ற நஷ்டங்களை எல்லாம் ஈடுகட்டின. எனக்குத்தான் விற்பதற்கு மனசே வராது. அவளுக்கு அப்படி இல்லை. பால் பொங்கும்போது அடுப்பை அணைப்பது போல விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

அதற்கடுத்த தை மாதம், மாம்பழத்தைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு மாங்கூழ் கம்பெனியின் பங்கில் வாங்கும் சிக்னல் வந்தது. அந்தக் கம்பெனிக்குப் பல ஊர்களில் ஆலைகள் உண்டு. அதில் ஒன்று எங்கள் தடத்திலேயே, காரிமங்கலம் தாண்டி, சாலையோரத்தில் இருக்கிறது. நாங்கள் வாங்கிய பங்குகளிலேயே நான் கண்ணால் பார்த்த கம்பெனி அது ஒன்றுதான். வாங்கிய நாளிலிருந்து, பேருந்து அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் குனிந்து பார்ப்பேன். நம்முடைய ஆலை என்று ஒரு நினைப்பு. சித்திரை முடியும் வரை விலை ஏறியது. வைகாசி கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது.

ஆனி பிறந்தது. கூழுக்குப் போகிற பெங்களூரா மாங்காய் வரத்து ஆரம்பித்தது. ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டின. முதலில் பத்து, பிறகு முப்பது. ஒரு வாரத்தில் வரிசை வாசலைத் தாண்டி, தேநீர்க் கடையைத் தாண்டி, சாலையோரமாகவே நீண்டுவிட்டது. ஒவ்வொரு நடையிலும் நான் படிக்கட்டில் நின்றபடி எண்ணுவேன். இவ்வளவு காய் உள்ளே போனால் எவ்வளவு கூழ் வெளியே வரும் என்று மனசுக்குள் ஓடும்.

அந்த வாரத்தில்தான் இருபது நாள் கோடு ஐம்பது நாள் கோட்டைக் கீழே வெட்டியது.

"நாளைக்குக் காலைல வித்துறலாங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு? நான் தெனம் நாலு வாட்டி அந்தப் பக்கம் போறன். டிராக்டரு ரோட்ட அடைச்சிட்டு நிக்குது. எண்ணி மாளல. ஆலை என்னா ஓட்டம் ஓடுதுன்னு நான் கண்ணால பாக்கறன்."

"படத்த பாத்தா யாரோ விடாம வித்துட்டே இருக்கறாங்க. வெலை எறங்கற நாள்ல எல்லாம் வியாபாரம் அதிகமா நடந்திருக்குது. அவங்களுக்கு நம்மளுக்குத் தெரியாதது என்னமோ தெரிஞ்சிருக்கும்."

"பாம்பேல உக்காந்துட்டு இருக்கறவனுக்குக் காரிமங்கலத்துல நடக்கறது என்னா தெரியும்?"

அவள் வாதாடவில்லை. பீரோவைத் திறந்து தாளைக் காட்டவும் இல்லை. "உங்க கணக்கு, உங்க இஷ்டம்" என்றாள். மறுநாள் காலை சந்தை திறந்ததும் அவளுடையதை விற்றுவிட்டாள்.

நான் விற்கவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் விலை இன்னும் இறங்கியதும், மலிவாகக் கிடைக்கிறது என்று அறைக்காக வைத்திருந்த மீதிப் பணத்தில் பெரும்பகுதியை எடுத்து மேலும் வாங்கினேன். அவளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அதற்கு நான்கு நாள் கழித்து, மதிய நடையில், ஆலை வாசலில் ஒருவர் ஏறினார். என் வயதுதான் இருக்கும். முழங்கை வரைக்கும் மாம்பால் பட்டுக் கறுத்திருந்தது. சட்டையில் புளித்த மாம்பழ வாடை. கிருஷ்ணகிரிக்கு டிக்கெட் கேட்டார். கிழித்துக் கொடுத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அவர் பக்கத்திலேயே நின்றேன்.

"நல்ல சீசன் போல இருக்குதுங்களே இந்த வருசம். லைன் எம்மாந்தூரம் நிக்குது!" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கேலி செய்கிறேனோ என்று யோசித்திருப்பார்.

"என்னாத்த சீசன் சார். கம்பைநல்லூர்ப் பக்கத்துலருந்து வந்து நாலு நாளா நிக்கறங்க. டீக்கடை தாண்டி ஒரு வேப்பமரம் இருக்குது பாருங்க, அதுக்கு அந்தப்பக்கம் நின்னன். இன்னைக்கு இந்தப்பக்கம் வந்திருக்கறன். நாலு நாள்ல நவுந்தது அவ்ளோதான்."

"ஏங்க, ஆலை ஓடலீங்களா?"

"மூணு மிசினு ஓட்டற எடத்துல ஒண்ணுதான் ஓட்டறாங்க. போன வருசத்துக் கூழே டிரம்மு டிரம்மா அடுக்கி வெச்சது அப்படியே கெடக்குதாம். வெளிநாட்டுக்காரன் எடுக்கலயாம். கேட்டுல நிக்கறவரே சொல்றாரு, காயத் திருப்பி ஓட்டிட்டுப் போயிருங்கன்னு. திருப்பி எங்க ஓட்டறது? அடியில இருக்கறது கசிய ஆரம்பிச்சிருச்சு. மச்சான வண்டியில உக்கார வெச்சிட்டு, கிருஷ்ணகிரில வேற ஆலையில காய எறக்க டோக்கன் தருவாங்களான்னு பாக்கப் போறன்."

பேருந்தில் இருந்த மற்றவர்களும் அவர் பக்கம் திரும்பினார்கள். முன் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர், எங்கள் ஊரிலும் இதே கதைதான், காயை மரத்திலேயே விட்டுவிட்டோம் என்றார். இன்னொருவர் பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்றார். அந்த நிறுத்தத்தில் தினமும் ஏறி இறங்கியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்கு டிக்கெட் கொடுத்து முடிக்க வேண்டியிருந்தது, பின்பக்கம் போய்விட்டேன்.

இரண்டு வாரத்துக்கு மேலாக அந்த வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அது நீளநீள எனக்கு உள்ளுக்குள் நிறைவாக இருந்தது. வரிசை நீண்டது காய் உள்ளே போகாததால். டிராக்டர்களை எண்ணினேனே தவிர, ஒரு டிராக்டராவது நேற்று நின்ற அதே இடத்தில் இன்றும் நிற்கிறதா என்று பார்க்கவில்லை. அதில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்திருந்தாலே போதும்.

சாயங்கால நடையில் அவரே திரும்ப ஏறினார். டோக்கன் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆலை நிறுத்தத்தில் இறங்கும்போது, "வரங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில், வண்டியின் பின்பக்கம் நின்று, என்னிடம் இருந்ததை எல்லாம் விற்றேன். மனைவி விற்ற விலையில் பாதியைவிடச் சற்று அதிகம் கிடைத்தது. பிறகு அது இன்னும் இறங்கியது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையைப் பற்றி, டிரம்களைப் பற்றி, மாம்பால் பட்ட கையைப் பற்றி. நான் எதிர்பார்த்தது ஒரு வார்த்தை, "அன்னைக்கே சொன்னனே" என்று. அவள் கேட்டது வேறு.

"அந்தாளு பழம் என்னாச்சுங்க?"

"தெரியல."

"கேக்கலியா?"

"இல்ல."

"நீங்க பாத்தது ஒண்ணும் பொய்யில்ல. டிராக்டரு நின்னது நெசம்தான். ஏன் நிக்குதுன்னு ஒருத்தரக் கேட்டிருக்கலாம், அவ்ளோதான்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, காரிமங்கலத்துக்கு முன்னால் ஏரிக்கரைச் சரிவில் ஒரு லோடு மாம்பழம் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். மாடுகள் தின்றுகொண்டிருந்தன. அவருடையதா, வேறு யாருடையதா என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க அந்த இடத்தைத் தாண்டும்போது பேருந்துக்குள் இனிப்பும் புளிப்புமாக ஒரு வாடை வந்து போனது.

இதை வைத்துக் கோடுகளுக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கோட்டுக்கு டிரம்மும் தெரியாது, மாங்காயும் தெரியாது. யாரோ சிலர் விற்கிறார்கள் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. அதே வருடம் ஐப்பசியில் ஒரு மருந்துக் கம்பெனிப் பங்கை மனைவி சிக்னல் வந்ததென்று விற்றாள். இரண்டே வாரத்தில் அது விற்ற விலையைத் தாண்டி எங்கோ போய்விட்டது. இரண்டு நாள் அவள் முகம் வாடியிருந்தது. விதியை மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"மாத்தி? அடுத்த வாட்டி அது சரியா இருக்கும், நாம தப்பா இருப்பம். இந்த மாதிரி தப்பு எனக்குத் தாங்குதுங்க. கொஞ்சம்தான் வலிக்குது."

அவளுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்று பிறகு யோசித்தபோது தோன்றியது. சின்னச் சின்னதாகத் தோற்பதற்கு அவள் தயாராக இருந்தாள். நான் ஒரே ஒரு தடவையாவது பெரிதாகச் சரியாக இருக்க விரும்பினேன். என் சாலை, என் ஊர், என் கண் என்று நினைத்த இடத்தில்தான் அந்த ஆசை கிளம்பியது. ஊர் பேர் தெரியாத கம்பெனியாக இருந்திருந்தால் அன்றைக்கே விற்றிருப்பேன்.

மாடியில் அறையைக் கட்டினோம். தளம் போடப் பணம் போதாமல் மேலே தகர ஷீட் போட்டோம். வெயில் காலத்தில் மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிடுவாள். "மேல அனலா அடிக்குதுப்பா" என்பாள். நான் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைப்பேன். அவளுக்கு விஷயம் முழுக்கத் தெரியும், அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். ஒருநாளும் அதைக் குத்திக்காட்டியதில்லை.

இப்போதும் பங்கு வாங்குகிறோம், விற்கிறோம். முன்பைவிடக் குறைவான பணத்தில். எதிர் வீட்டில் பால் வியாபாரம் செய்கிறவருக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் காலை வந்து, எதை வாங்கலாம், ஒன்று சொல்லம்மா என்று மனைவியைக் கேட்டார்.

"எத வாங்கறதுன்னு அப்புறம் சொல்றங்கண்ணா. எப்ப விப்பீங்க? அத மொதல்ல எழுதிட்டு வாங்க."

"வாங்கறதுக்கு முந்தியே விக்கறதா? அதெல்லாம் நம்மால ஆவாதும்மா" என்று சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். பங்கில் போட வைத்திருந்த பணத்தில் ஒரு கிடாரிக் கன்று வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதையில்லை. போன மாதம்கூட என் கணக்கில் இருந்த ஒரு பங்குக்கு விற்கும் சிக்னல் வந்தது. மறுநாள் காலை சந்தை திறக்கும் ஒன்பதேகாலுக்குக் கிருஷ்ணகிரி நிலையத்தில் கைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே என்று ஒரு மனசு. அந்தக் கம்பெனியைப் பற்றிப் பேப்பரில் நல்ல செய்தி ஒன்று படித்திருந்தேன். பத்து நிமிடம் அப்படியே போனது. ஓட்டுநர் ஹாரனை அழுத்தி, "ஏங்க, நேரமாவுது, ஆளு எல்லாம் ஏறியாச்சு" என்று கத்தினார். விற்பனைப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் படியில் ஏறி விசில் கொடுத்தேன்.