ஐஸில் வைத்த கை

சேஃப்டி ஆபீசர் வேலையில் எனக்குப் பிடிக்காத விஷயம், ஆட்களைக் காப்பாற்றப் போனால் அவர்களே நம்மை முறைப்பார்கள் என்பதுதான். ஹெல்மெட் போடு என்றால் முறைப்பு, பெல்ட்டை மாட்டு என்றால் முறைப்பு. திருச்சியில் தொழிற்சாலை வேலை பார்த்த நாளிலேயே அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் தண்ணீர் குடியுங்கப்பா என்று சொல்லி முறைப்பு வாங்கியது ராஸ் லஃபானில்தான்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. கத்தாரின் அந்தக் கடலோரத்தில் கேஸ் பிளாண்டுகள் ஒன்றை அடுத்து ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் மாதத்தில் அங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் மோசம். வேர்வை காயவே காயாது. சட்டை காலையிலேயே நனைந்து, மத்தியானத்துக்குள் முதுகில் உப்புக் கோடு போட்டுவிடும். அந்த உப்பைத் திரும்ப உடம்புக்குள் அனுப்பத்தான் கம்பெனி ஒரு பொடி கொடுத்தது. ஆரஞ்சு வாசனை, சின்னப் பாக்கெட், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அதைக் கொடுப்பதும், குடிக்கிறார்களா என்று பார்ப்பதும் என் பொறுப்பு.

என்னிடம் இருந்த கூட்டத்தில் பாதிப்பேர் தமிழர்கள், ரிக்கர்கள். கிரேன் கொக்கியில் பைப்பை மாட்டிவிட்டு, மேலே நின்று கையைக் காட்டி இறக்க வைப்பது அவர்கள் வேலை. மீதிப்பேர் பிலிப்பைன்ஸ் வெல்டர்கள். இறங்கிய பைப்பை அவர்கள் பற்றவைப்பார்கள்.

பொடியைப் பற்றி முதலில் யார் கிளப்பிவிட்டது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பாக்கெட்டின் பின்னால் அரபியில் ஏதோ பொடி எழுத்தில் இருந்தது, அதை யாராலும் படிக்க முடியவில்லை, அது போதும். கல்யாணமான ஆம்பளைகளை வருஷக்கணக்கில் கேம்பில் அடைத்து வைத்திருக்கிறார்களே, அவர்கள் அடங்கிக் கிடக்க வேண்டாமா, அதற்கான மருந்து இதில் கலந்திருக்கிறது என்று கேம்ப் முழுக்கப் பேச்சு. பக்கத்துக் கேம்பில் ஒருவன் இதைக் குடித்துவிட்டு ஊருக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பினான் என்றார்கள். அந்த ஒருவனை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை.

இதில் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவன் மாப்பிள்ளை. புதுக்கோட்டைப் பக்கத்து ரிக்கர். போன லீவில் கல்யாணம் முடித்துவிட்டு, அந்த லீவு தீர்ந்ததும் விமானம் ஏறியவன். அன்றிலிருந்து கேம்பில் அவனுக்கு அதுதான் பெயர். இரண்டு வருஷமாக ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவன் மனைவியிடம் விசேஷம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். புருஷன் கத்தாரில் இருக்கும்போது விசேஷம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த லீவுக்குச் சில வாரங்கள்தான் பாக்கி. இந்தத் தடவையாவது என்று அந்த வீடே காத்திருந்தது.

அவன் பொடியைத் தொடவில்லை. நாங்கள் வெறும் தண்ணீரிலும் அதைக் கலந்துவிடுகிறோமோ என்ற சந்தேகத்தில் தண்ணீரையும் குறைத்துக்கொண்டான். அவன் உதடு வெடித்திருந்தது. இப்படியே போனால் இவன் ஒருநாள் சுருண்டு விழுவான் என்று தெரிந்தது.

காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்துக் கடகடவென்று குடித்துக் காட்டினேன். மாப்பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னான்.

"சார், ஒங்களுக்கு ரெண்டு புள்ள இருக்கு. ஒங்களுக்கென்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்ததாகக் கம்பெனி டாக்டரை வரவழைத்தேன். அவர் காரில் வந்து இறங்கி, ஆண்மைக்கும் இந்தப் பொடிக்கும் சம்பந்தமே இல்லை என்று அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். கெட்டது காரியம். ஒன்றும் இல்லாமலா டாக்டரே மெனக்கெட்டு வந்து இல்லை இல்லை என்கிறார் என்று, அதுவரை நம்பாதவர்களும் நம்பிவிட்டார்கள்.

சரி, பொடி வேண்டாம், தண்ணீரையாவது குடியுங்கள் என்று ஐஸ் போட்ட பெரிய டிரம் ஒன்றைக் கொட்டகையில் வைக்கச் சொன்னேன். கண்ணெதிரே பாட்டில் உடைத்து ஊற்றுவோம், ஒன்றும் கலக்கவில்லை என்று தெரியட்டும் என்பது கணக்கு. அதையும் தொடுவார் இல்லை. இந்தத் தடவை காரணம் கூயா.

கூயா வெல்டர்களின் தலைவர், ஐம்பது வயதுக்காரர். அவர்கள் பாஷையில் கூயா என்றாலே அண்ணன்தான். நம் ஆட்கள் அதைப் பெயர் என்று நினைத்து 'கூயா அண்ணே' என்று அவரை இரண்டு தடவை அண்ணனாக்கியிருந்தார்கள். மற்றவர்களால் முடியாத மூலைகளில் அவரைத்தான் பற்றவைக்கச் சொல்வார்கள், அப்படி ஒரு கை. அந்தக் கையை அவர் பார்த்துக்கொண்ட விதமும் தனி. வேலை முடிந்து தோல் கையுறையைக் கழற்றினால் உடனே கழுவ மாட்டார். மடியில் வைத்துக்கொண்டு, சூடு முழுக்க இறங்கும்வரை உட்கார்ந்திருப்பார். சூட்டோடு தண்ணீரில் வைத்தால் பஸ்மா வரும் என்பார். நரம்பு புடைத்து, கை நடுங்க ஆரம்பித்து, பிறகு நிற்கவே நிற்காதாம். அவர் ஊரில் துணி தேய்க்கிறவர்கள், தைக்கிறவர்கள் எல்லோரும் இதற்குப் பயப்படுவார்களாம்.

நம் ஆட்களுக்கு இது புதிதாகவே படவில்லை. வெயிலிலிருந்து வந்ததும் பச்சைத்தண்ணீர் குடிக்காதே, உடம்புச் சூடு தணியட்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே. கடல் கடந்து வந்த இடத்தில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் அதையே சொன்னதும் அது சத்தியமாகிவிட்டது. ஐஸ் டிரம் ஈ ஓட்டிக்கொண்டு நின்றது. உங்கள் டாக்டர் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை, என் பேச்சைக் கேட்கிறார்களே என்று கூயாவுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் எரிச்சல்.

ஒருநாள், காலை பத்துமணிகூட ஆகவில்லை. கிரேனில் ஒரு நீளப் பைப் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மேடையில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். பைப்பை வாங்கக் கீழே கூயா காத்திருந்தார். இறக்கு என்று காட்ட வேண்டிய கை, மேலே போனது. பிறகு பக்கவாட்டில் ஆடியது. பிறகு ஒரு அர்த்தமும் இல்லாமல் யாரையோ கூப்பிடுவதுபோல் அசைந்தது. கிரேன் ஓட்டிய பாகிஸ்தான்காரர் நல்ல அனுபவஸ்தர். ஏதோ சரியில்லை என்று பைப்பை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். அது கூயாவின் தலைக்கு நேர்மேலே நின்றது. நான் கத்திய கத்தலில் கூயா விலகினார். மாப்பிள்ளை மேடைக் கம்பியைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்தான்.

நாலுபேர் அவனைக் கீழே இறக்கிக் கொட்டகையில் கிடத்தினார்கள். நெற்றியைத் தொட்டேன், சூடான தோசைக்கல்தான். ஒரு பொட்டு வேர்வை இல்லை. அதுதான் பயங்கரம். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. என்னை மச்சான் என்று கூப்பிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, ஆனால் கிளினிக் பிளாண்டின் மறுகோடியில் இருந்தது. அது வருகிறவரை இந்தச் சூட்டில் விட்டால் மூளை தாங்காது. உடனே குளிர வைக்க வேண்டும். ஐஸ் டிரம் இரண்டடி தள்ளி நின்றது.

நான் ஒரு வாளியை முக்கி எடுத்துத் திரும்பினால், எனக்கும் அவனுக்கும் நடுவில் ஆட்கள். கோபமாக நிற்கவில்லை. கும்பிடாத குறையாக நின்றார்கள்.

"வேணாம் சார். சூட்டு ஒடம்புல ஐஸ் பட்டா ஜன்னி கண்டுடும். செத்துருவான் சார்."

சொன்னவன் மாப்பிள்ளையின் ஊர்க்காரன், அவனுடைய பக்கத்துக் கட்டில். கண்ணில் தண்ணீர். வெல்டர்களும் சேர்ந்து நின்றார்கள். ஒருவர் என் வாளியை மெல்லப் பிடித்துக்கொண்டார். இவர்கள் அத்தனைபேரும் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், அதனாலேயே அவனைச் சாகவிடப் போகிறார்கள் என்று தோன்றியது. வாளியைப் பிடுங்கி என் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டேன். பாருங்கள், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று கத்தினேன்.

நீங்கள் ஏசி உடம்பு சார், எங்களுடையது அப்படியா என்றார்கள். அதுவும் சரிதான். நான் ஆபீஸிலிருந்து வந்தே கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நான் செய்து காட்டுவது எதுவும் இவர்களுக்குச் செல்லாது என்று அப்போதுதான் உறைத்தது. அங்கே செல்லுபடியாகிற உடம்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காலையிலிருந்து தீயின் முன்னால் உட்கார்ந்து எழுந்துவந்த உடம்பு.

கூயா கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். சைட்டில் எல்லோருக்கும் பழகிப்போன பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷில் சொன்னேன், பொறுமை எல்லாம் போன குரலில்: கூயா, நான் பொய் சொன்னால் என்னை நாளைக்கே ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள். இவன் போய்க்கொண்டிருக்கிறான்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்தார். இமை துடித்துக்கொண்டிருந்தது. கூயா தோல் கையுறைகளைக் கழற்றிக் கீழே போட்டார். உள்ளே கை சிவந்து, ஆவி பறக்காத குறையாக இருந்தது. எல்லோரும் பார்க்க, இரண்டு கைகளையும் முழங்கைவரை ஐஸ் டிரம்முக்குள் விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தார். அவருடைய ஆட்களில் ஒருவன் அவர்கள் பாஷையில் வேண்டாம் என்பதுபோல் ஏதோ சொன்னான். கூயா இரண்டு கை நிறைய ஐஸை அள்ளி வந்து மாப்பிள்ளையின் கழுத்தில் வைத்தார். மறுபடி போய் அள்ளினார், அக்குளில் வைத்தார்.

"யல்லா," என்றார், ம், ஆகட்டும் என்பதுபோல். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை. ஆளுக்கொரு வாளியாக முக்கி ஊற்றினார்கள். ஊர்க்காரன் அழுதுகொண்டே ஹெல்மெட்டால் விசிறினான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மாப்பிள்ளை என்னைச் சார் என்று கூப்பிட்டுவிட்டான். கேட்டதும் எனக்கு அழுகை முட்டியது. ஈரத் தலையோடு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வந்த நர்ஸ், குளிர வைத்திருக்காவிட்டால் கஷ்டமாகியிருக்கும் என்று சொன்னார்.

அவன் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், பிறகு லீவில் போனான். திரும்பி வந்தவனிடம் விசேஷம் உண்டா என்று கேட்கிற தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை. அவனாகவும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் குடித்தான். பொடியை மட்டும் கடைசிவரை தொடவில்லை.

கூயாவின் கை அந்தக் குளிர்காலத்தில் நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளரில் தெரிந்தது, பிறகு பற்றவைப்பில். அந்த வேலையில் அவ்வப்போது பரீட்சை உண்டு. ஒரு துண்டைப் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். கூயா தோற்றார். இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள், அதிலும் தோற்றார். கம்பெனி அவரை டூல் ஸ்டோரில் உட்கார வைத்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சொன்னது. அவருடைய ஆட்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அன்றைக்கே தெரியும் என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஸ்டோருக்குப் போய் அவரிடம் மன்றாடினேன். இது ஐஸ் செய்த வேலை இல்லை. இத்தனை வருஷம் குடித்த வெல்டிங் புகையாக இருக்கலாம், நரம்பாக இருக்கலாம், வயசாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டினால் மருந்து இருக்கும். நானே கூட்டிப்போகிறேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தக் கலப்புப் பாஷையில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"டாக்டர் புகைன்னு சொன்னா, இந்தக் கை சும்மா போச்சுன்னு ஆயிடும் சார். பஸ்மான்னா ஒரு பையனுக்காகப் போச்சு. எனக்கு பஸ்மாவே இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் மேஜையை ஓங்கிக் குத்தினேன். அவர் கோபப்படவில்லை, உருண்ட ஸ்பேனர் ஒன்றை எடுத்து வைத்தார். மூன்றாவது முயற்சியில்தான் அது அதன் இடத்தில் உட்கார்ந்தது. மறுபடியும் சில தடவை போனேன். மாப்பிள்ளையையும் அனுப்பிக் கேட்கச் சொன்னேன். கலாஸ், கலாஸ், அது முடிந்த கதை என்று சிரித்து அனுப்பிவிட்டார். வைத்தியம் பார்த்திருந்தால் நின்றிருக்குமோ என்னவோ, காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு விமானம் ஏறும்வரை அந்தக் கையை அவர் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை.