டிரம்ஸ் இல்லாத பாதி

மலையேறும் காவலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் நரைத்த முடி தோள்வரை தொங்கியது. டிரைவர் ஒரு பாட்டைப் போட்டதும் அவர் விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் தாளம் போட ஆரம்பித்தன.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மணமக்கள் மேடையேறும்போது போடுகிற பாட்டு அது. பாதிவரை ஒற்றை கிட்டாரும் குரலும்தான். அப்புறம் டிரம்ஸ் இடிபோல இறங்கி, முழு ஹெவி மெட்டலாக அலறும்.

"டிரம்ஸை எவ்ளோ நேரம் காக்க வெச்சிருக்காங்க பாருங்க. அதுதான் கலை," என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"நாங்க வாணியம்பாடில போட்ட பாட்டுங்க இது. கிட்டார் நான்தான்," என்றார். விரல்கள் நிற்கவில்லை. "கலையெல்லாம் இல்லீங்க. டிரம்ஸ் அடிக்கிறவன் வரல. ஸ்டுடியோக்காரரு டைம் போவுதுன்னாரு. இன்னா பண்றது, வர்றப்ப வரட்டும்னு ஆரம்பிச்சிட்டோம். இந்த மலையிலருந்து பைக்ல வந்துனு இருந்தான். வளைவுல வுழுந்து, அங்கயே போய்ட்டான்."

"அப்ப பாட்டுல அடிக்கிறது?"

"வேற ஆளு. அப்புறமா வந்து அடிச்சாரு. சேதி வர்றதுக்குள்ள நாங்க பாடி முடிச்சிருந்த பாதியில மட்டும் யாரையும் அடிக்க வுடல."

பஸ் ஒரு வளைவில் திணறித் திரும்பியது. டிரம்ஸ் இறங்கியது. கண்டக்டர்கூட டிக்கெட் பையில் தட்டிக்கொண்டு தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவரின் விரல்கள் மட்டும் கம்பியில் அப்படியே நின்றுவிட்டன. அவர் அதுவரை யாருடைய தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டு வந்தால், டிரம்ஸ் இறங்கும்போது நான் கை தட்டுவதில்லை.